வாரும் குச்சியும்

ஒரு தோல் வாரை நடுவில் மடித்து, மடிப்பு உள்ளே இருக்கும்படி வட்டமாகச் சுருட்டி மேஜை மேல் வைக்கிறான் ஒருவன். சுருளின் நடுவில் இரண்டு வளைவுகள் தெரிகின்றன. எதிரே நிற்பவனிடம் ஒரு குச்சியைக் கொடுத்து, இவற்றில் எது வாரின் உண்மையான மடிப்போ அதற்குள் குத்து என்கிறான். பிறகு வாரின் இரண்டு முனைகளையும் சேர்த்து இழுக்கிறான். வார் குச்சியில் மாட்டி நின்றால் குத்தியவனுக்குக் காசு. நழுவி வந்துவிட்டால் வார்க்காரனுக்கு.

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சந்தைகளிலும் மதுக்கடைகளிலும் நடந்த பந்தயம் இது. பெயரைத் தமிழில் சொல்வதானால் 'பிடிக்குமா, நழுவுமா' என்று சொல்லலாம். குத்துகிறவன் இதில் ஜெயிக்க முடியாது, வார்க்காரனாக விரும்பினாலொழிய. முதல் இரண்டு தடவை வார்க்காரன் விரும்புவான், பந்தயத் தொகை ஏற வேண்டும் என்பதற்காக. நம் ஊர்த் திருவிழாக்களில் மூணு சீட்டு போடுகிறவனைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெருந்தன்மை புரியும்.

ஆனால் மூணு சீட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். சீட்டு விவகாரத்தில் ராணி மாற்றப்படுகிறாள்; கை வேகம், கண் தவறுகிறது. வார் விவகாரத்தில் குத்தியவனுடைய கண் தவறவே இல்லை. அவன் காட்டிய இடம்தான் மடிப்பு. முனைகளைச் சேர்த்துப் பிடிக்கும்போது வெளி முனையை ஒரு சுற்றுப் பிரித்துவிட்டுப் பிடித்தால் உள்ளே இருந்தது வெளியே ஆகிவிடுகிறது, வெளியே இருந்தது உள்ளே. நேராகப் பிடித்தால் இருந்தபடியே இருக்கிறது. சரியான விடை என்று ஒன்று மேஜை மேல் இருப்பதாக அவன் நம்புகிறான். குச்சி இறங்கிய பிறகுதான் விடை தயாராகிறது. அதைத் தயாரிக்கிறவன் எதிரே நிற்கிறவன்.

ஷேக்ஸ்பியர் இதை அறிந்திருந்தார். அந்தோணி, கடற்படை கைவிட்டுப்போன ஆத்திரத்தில் கிளியோபாத்ராவைத் திட்டும்போது, நாடோடிக்காரியைப் போல இந்த ஆட்டம் ஆடித் தன்னை அழித்துவிட்டாள் என்கிறான். எகிப்தின் ராணியை ஜிப்ஸி என்று வைவதில் ஒரு சிலேடை இருக்கிறது. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று நினைத்துத்தான் ஆங்கிலேயர்கள் நாடோடிகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அவர்களுக்கே உரிய வித்தை என்று பேசப்பட்டது வார்ப் பந்தயம். அந்த நாடோடிகள் நாட்டில் தங்கினாலே மரண தண்டனை என்ற சட்டம் 1554ல் வந்திருந்தது. சில்லறைப் பந்தயமும் கழுத்துக் கயிறும் அந்த நூற்றாண்டில் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் இல்லை.

இந்த மாதிரி வித்தைகளின் சரித்திரத்தைத் தேடிப் போனால் வந்து சேர்கிற இடம் எதிர்பாராத இடம். ஆங்கிலத்தில் கைவித்தைகளை முதன்முதலாக விரிவாக, செய்முறையோடு, படத்தோடு அச்சில் விளக்கிய புத்தகம் சூனியக்காரிகளைப் பற்றியது. 1584ல் வெளியான ரெஜினால்ட் ஸ்காட்டின் 'டிஸ்கவரி ஆஃப் விட்ச்கிராஃப்ட்'. தலைப்பில் உள்ள 'டிஸ்கவரி' கண்டுபிடிப்பு அல்ல. மூடியை எடுப்பது, அம்பலப்படுத்துவது என்ற அந்தக் கால அர்த்தம்.

ஸ்காட் தொழில்முறை எழுத்தாளர் அல்ல. கென்ட் மாவட்டத்துக் கிராமத்துக் கனவான். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ப் பட்டம் வாங்காமல் திரும்பியவர். 1574ல் அவர் வெளியிட்ட முதல் புத்தகம் பீருக்குக் கசப்பேற்றும் ஹாப்ஸ் கொடியைப் பயிரிடுவது பற்றியது. கொடிக்கால் நடுவது, கட்டுவது, காய வைப்பது எல்லாம் மரச்செதுக்குப் படங்களோடு சொல்லப்பட்டது. பத்து வருஷம் கழித்துச் சூனியத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோதும் அதே கைதான் எழுதியது. வயிற்றில் கத்தி குத்திக்கொள்ளும் வித்தைக்கு அட்டையால் பொய் வயிறு செய்து, அதற்கும் நிஜ வயிற்றுக்கும் நடுவே ரத்தம் நிரப்பிய பை வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கன்றின் ரத்தமோ ஆட்டு ரத்தமோ இருக்கலாம், மாட்டு ரத்தம் கூடாது, அது ரொம்பக் கெட்டியாகிவிடும் என்கிறார். வேதாந்திகள் இப்படி எழுத மாட்டார்கள். கொடிக்கால் போட்டுப் பார்த்தவன்தான் எழுதுவான்.

அவரை இந்த விஷயத்துக்கு இழுத்து வந்தவை அந்த வருஷங்களில் நடந்த வழக்குகள். சூனியத்தால் ஒருவரைக் கொன்றதாக நிரூபணமானால் மரண தண்டனை என்று 1563ல் எலிசபெத் ராணியின் பாராளுமன்றம் சட்டம் போட்டிருந்தது. 1581ல் ராச்செஸ்டர் நகரில் மார்கரெட் சைமன்ஸ் என்பவளுடைய வழக்கு. பிரெஞ்ச்லி கிராமத்துப் பாதிரியார் ஜான் ஃபெரல் தொடுத்தது. பாதிரியாரின் மகன் தெருவில் போகும்போது அவளுடைய நாய் குரைத்தது, பையன் கத்தியை உருவிக்கொண்டு நாயை அவள் வாசல் வரை துரத்தினான், அவள் திட்டினாள், சில நாளில் பையனுக்கு உடம்பு சரியில்லை. இவ்வளவுதான். இதோடு பாதிரியாருக்குப் பிரசங்கத்தில் குரல் கம்மிப் போவதும் அவள் வேலை என்று சேர்ந்துகொண்டது. குரல் கம்மியதற்கு ஊரார் வேறு காரணம் வைத்திருந்தார்கள். பரத்தை நோய் என்று பேசிக்கொண்டார்கள். பாதிரியார் லண்டன் வைத்தியர்களிடம் போய், இது நுரையீரல் கோளாறு என்று சர்டிபிகேட் வாங்கி வந்து கோயிலில் எல்லார் முன்னிலும் படிக்க வேண்டியிருந்தது. மார்கரெட் சைமன்ஸை ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள். ஸ்காட் இதை எழுதும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த வருஷம் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. எஸ்ஸெக்ஸில் செயின்ட் ஓசித் என்ற ஊர். உர்சுலா கெம்ப் என்பவள் மருத்துவச்சி மாதிரி, பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பவள். அவள் மேல் புகார். விசாரித்த மாஜிஸ்டிரேட் பிரையன் டார்சி. அவள் பெற்ற எட்டு வயதுப் பையனே தாய்க்கு எதிராகச் சாட்சி சொன்னான்: அம்மா வீட்டில் நாலு பேய்களை வளர்க்கிறாள், அவற்றுக்கு இன்ன இன்ன பெயர், இன்ன நிறம். டார்சி அவளிடம் சொன்னது, ஒப்புக்கொண்டவர்களுக்குத் தயவு கிடைக்கும், மறுத்தவர்களுக்குத் தண்டனை கிடைக்கும் என்று. அவள் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள். மற்றவர்களையும் காட்டிக் கொடுத்தாள். தூக்கிலிட்டார்கள்.

குச்சி இறங்கிய பிறகு முனையைப் பிரிப்பது என்றால் இதுதான்.

ஸ்காட் அந்த வாரைப் பற்றி இந்த இடத்தில் பேசவில்லை. சேர்த்துப் பார்க்கிறவன் நான். ஆனால் சூனிய விசாரணையில் எந்த முனையை எப்படி இழுத்தாலும் ஒரே விடைதான் வரும் என்பதை அவரைப் போல ஒருவரும் அப்போது ஆங்கிலத்தில் எழுதவில்லை. 1480களில் ஜெர்மன் நாட்டில் ஹைன்ரிக் கிராமர் எழுதிய 'சூனியக்காரிகளின் சம்மட்டி' என்ற லத்தீன் புத்தகம் விசாரணைக்காரர்களுக்குக் கைப்புத்தகம் மாதிரி. அதன்படி சூனியக்காரிக்குக் கண்ணீர் வராது. நீதிபதிக்கு முன் அழாமல் நின்றால் அது சாட்சியம். அழுதுவிட்டால்? எச்சிலைத் தொட்டுக் கன்னத்தில் தடவிக்கொண்டு அழுகிற மாதிரி நடிப்பாள், ஜாக்கிரதை என்று அதே இடத்தில் எச்சரிக்கையும் இருக்கிறது. ஸ்காட் இந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டு விடுவதாக இல்லை. கண்ணீர் ஒரு சோதனை என்று வைத்துவிட்டுக் கண்ணீரை நம்பாதே என்று சொன்னால் அது என்ன சோதனை?

ஆனால் புத்தகத்தின் கனமான இடம் வேறு. யார் இந்தச் சூனியக்காரிகள் என்ற கேள்விக்கு ஆரம்ப அத்தியாயங்களிலேயே பதில் சொல்லிவிடுகிறார். கிழவிகள், நொண்டிகள், கண் மங்கியவர்கள். வீடு வீடாகப் போய்ப் பாலோ கஞ்சியோ ஈஸ்டோ கேட்டு ஜீவிப்பவர்கள். ஒரு நாள் ஒரு வீட்டில் இல்லை என்கிறார்கள். முணுமுணுத்துக்கொண்டே போகிறாள். வாய் சும்மா இருக்காமல் வீட்டை, பிள்ளையை, பன்றியைச் சேர்த்துச் சபிக்கிறாள். காலப்போக்கில் யார் வீட்டிலும் ஏதாவது ஒன்று நடக்கத்தான் செய்யும். பிள்ளைக்குக் காய்ச்சல், மாடு சாவு. அந்த வீட்டார் சாபத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அதுவரைகூட இது யாரும் யூகிக்கக்கூடியது. ஸ்காட் இன்னும் ஒரு அடி போகிறார்: அவளும் நினைத்துக்கொள்கிறாள். சொன்னோம், நடந்துவிட்டதே என்று தன்னையே பார்த்துப் பயப்படுகிறாள். பிறகு மாஜிஸ்டிரேட் கேட்கும்போது அவள் ஒப்புக்கொள்வதில் பொய் இல்லை.

பிச்சை மறுத்த குற்ற உணர்வுதான் பிச்சை கேட்டவளைச் சூனியக்காரி ஆக்கியது என்று ஆலன் மேக்ஃபர்லேனும் கீத் தாமஸும் 1970, 1971ல் பெரிய ஆராய்ச்சிப் புத்தகங்களில் நிறுவினார்கள். ஹாப்ஸ் விவசாயி அதைக் கண்ணால் பார்த்து எழுதி நாலு நூற்றாண்டு ஆகிறது.

சரி, இதில் கைவித்தை எங்கே வந்தது? பதினாறு பாகங்கள் கொண்ட புத்தகத்தில் பதின்மூன்றாம் பாகத்தில் வருகிறது. தர்க்கம் எளிமையானது. சூனிய வழக்கு முழுக்கக் கண்ணால் கண்ட சாட்சியத்தின் மேல் நிற்கிறது. பட்டப்பகலில், இரண்டு முழத் தூரத்தில், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு கூலிக்காரன் நம் கண்ணை ஏமாற்றிவிடுகிறான் என்றால், இருட்டில் பக்கத்து வீட்டுக்காரி பூனையோடு பேசியதைப் பார்த்ததாகச் சொல்கிறவனுடைய கண்ணுக்கு என்ன மதிப்பு? இதை வாதமாக மட்டும் சொல்லியிருந்தால் பத்து வரியில் முடிந்திருக்கும். ஸ்காட் போய்க் கற்றுக்கொண்டார். லண்டனில் செயின்ட் மார்ட்டின்ஸ் பகுதியில் இருந்த, கைத்தொழில் செய்து பிழைத்த ஜான் கோட்டாரஸ் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கற்றதாகத் தாமே எழுதுகிறார். பந்துகள், காசுகள், சீட்டுகள், முடிச்சுகள். நாக்கில் குத்திக்கொள்ளும் ஊசி, நெற்றியில் இறக்கிக்கொள்ளும் ஊசி. அலகு பிடிக்குள் பின்வாங்கிப் போகிற பொய் ஊசிக்கும் நிஜ ஊசிக்கும் படம் போட்டிருக்கிறார். தட்டில் வைத்த வெட்டுண்ட தலை பேசுவதற்கு மேஜையில் எங்கே ஓட்டை, கீழே எவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதற்கும் படம்.

நூலில் கோர்த்த மூன்று மணிகளை, நூலின் முனைகளைப் பிறர் பிடித்திருக்கும்போதே கழற்றுவது ஒன்று. அவர் அதையும் 'பிடிக்குமா, நழுவுமா'வின் ஒரு வகை என்கிறார். இரண்டு நூல்கள் மணிகளின் வழியே போவதாக நாம் பார்க்கிறோம். உண்மையில் ஒவ்வொரு நூலும் பாதி வழி போய் மடிந்து வந்த வழியே திரும்பிவிடுகிறது. மடிப்புகள் சந்திக்கும் இடத்தை நடுமணி மறைக்கிறது. 'பாட்டியின் கழுத்து மாலை' என்ற பெயரில் சிறுவர் வேடிக்கைப் புத்தகங்களில் இன்றைக்கும் இது வருகிறது. விருந்தாளிகள் வந்த சாயங்காலம் வீட்டுப் பிள்ளை செய்து காட்டிக் கைதட்டல் வாங்கும் சமாசாரம். அதன் முதல் அச்சுப் பிரதி தூக்குமரத்துக்கு எதிரான வாதத்தில் ஓர் ஆவணமாகச் சேர்க்கப்பட்டது என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ஒரு கதை மட்டும் வேறு ஜாதி. எட்டாம் ஹென்றியின் சேவகத்தில் இருந்த பிராண்டன் என்ற வித்தைக்காரன் ராஜாவோடு போகும்போது ஒரு வீட்டுக் கூரை மேல் புறா உட்கார்ந்திருக்கிறது. அவன் சுவரில் புறாவின் உருவத்தை வரைந்து, ஏதோ உச்சரித்து, கத்தியால் படத்தைக் குத்துகிறான். கூரை மேலிருந்த புறா செத்து விழுகிறது. ஸ்காட் மூடியைத் திறக்கிறார்: புறாவுக்கு முன்கூட்டியே விஷம் கொடுக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய அரைமணியில் சாகும் அளவுக்கு அளந்த எட்டிக்கொட்டை. ஆம், நம் புதர்க்காட்டு எட்டிதான், வணிகர் கைமாறி லண்டன் மருந்துக்கடை வரை போயிருக்கிறது. மிச்சம் எல்லாம் நேரத்தைப் பார்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும் சாமர்த்தியம். ராஜா என்ன செய்தார் என்பதுதான் இதில் முக்கியம். இந்த வித்தையை இனிமேல் செய்யக் கூடாது என்று தடுத்துவிட்டார், இதே கையால் வேறு கொலையும் செய்துவிடப் போகிறான் என்று. ராஜாவுக்கு வித்தை புரியவில்லை, ஆனால் ஆபத்து புரிந்துவிட்டது. படத்தைக் குத்திப் புறாவைக் கொல்ல முடிந்தவன் யார் படத்தை வேண்டுமானாலும் வரையலாம் அல்லவா. இதே காரியத்தை ஒரு கிழவி மெழுகு பொம்மையை வைத்துச் செய்ததாகப் புகார் வந்திருந்தால் தடையோடு விஷயம் முடிந்திருக்காது.

இவ்வளவையும் திறந்து காட்டிவிட்டு ஸ்காட் வருத்தப்படுகிறார். இந்த ரகசியங்களை வெளியிடும் வேலை தமக்கு வந்து வாய்த்ததே, இதனால் பிழைக்கும் ஏழைகளுக்கு இடைஞ்சல் ஆகிறதே என்று. அது சம்பிரதாய வருத்தம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கோட்டாரஸின் பெயரை மரியாதையோடு குறிப்பிடுகிற மனுஷர் அவர். வேடிக்கைக்காக, அயலானுக்குக் கெடுதல் இல்லாமல், தெய்வத்தின் பெயரை இழுக்காமல், இது கைவேலைதான் என்று ஒப்புக்கொண்டு செய்கிற வித்தை பாராட்டத்தக்கது என்று தெளிவாகவே சொல்கிறார். அவருடைய சண்டை, ஒப்புக்கொள்ளாதவனோடு.

ஒப்புக்கொள்ளுதல் என்பது வழுக்கலான இடம். 'செப்பிடுவித்தை' என்ற நம் சொல்லில் செப்பு என்பது சிமிழ். சிமிழுக்கடியில் பந்தை வைத்து மறைக்கும் ஒரே ஒரு வித்தையின் பெயர் எல்லாக் கண்கட்டுக்கும் பெயராகிவிட்டது. ரோமாபுரியிலும் அதே வித்தைதான் உதாரணம். செனகா லூசிலியஸுக்கு எழுதிய 45ஆம் கடிதத்தில் சொல்கிறார், கிண்ணமும் கல்லும் வைத்து வித்தை காட்டுகிறவனிடம் எனக்குப் பிடித்ததே ஏமாற்றம்தான், எப்படிச் செய்தான் என்று தெரிந்துவிட்டால் எனக்கு அதில் சுவாரஸ்யம் போய்விடும் என்று. இதைத் தர்க்கச் சிலம்பம் ஆடும் தத்துவவாதிகளை அடிப்பதற்காகச் சொன்னார் என்பது வேறு விஷயம். ஏமாறுகிறவன் ஏமாறச் சம்மதித்திருக்கிறான் என்பது இதில் அடக்கம்.

அந்தச் சம்மதம் எங்கே முடிகிறது? பாரிஸுக்கு அருகில் சான் ஜெர்மான் ஆன் லே நகர மியூசியத்துக்குச் சொந்தமான ஒரு படம் இருக்கிறது. போஷ் வரைந்தது என்றும் அவர் வழியில் வந்த யாரோ வரைந்தது என்றும் சொல்வார்கள். மேஜை மேல் செப்புகளும் பந்துகளும். வித்தைக்காரன் விரலிடுக்கில் ஒரு பந்தைத் தூக்கிக் காட்டுகிறான். ஒரு கனவான் குனிந்து, வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் ஒருவன் முகத்தை ஆகாயத்தைப் பார்க்கத் தூக்கி வைத்துக்கொண்டு கையால் கனவானின் பணப்பையை அவிழ்க்கிறான். குனிந்தவன் செப்புக்குச் சம்மதித்தான், பைக்குச் சம்மதிக்கவில்லை. (இந்தப் படமே 1978ல் திருட்டுப் போய் அடுத்த ஆண்டு கிடைத்தது. காவலாளி எதைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.)

புத்தகத்துக்கு அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்தின் ராஜாவாக இருந்த ஜேம்ஸ் 1597ல் பேய்களைப் பற்றித் தாமே ஒரு புத்தகம் எழுதினார். முன்னுரையிலேயே ஸ்காட்டைப் பெயர் சொல்லித் தாக்கினார். 1599ல் ஸ்காட் இறந்தார். 1603ல் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் ராஜா ஆனார். 1604ல் சட்டம் இன்னும் கடுமையானது. தர்க்கம் தோற்றது என்றுதான் சொல்ல வேண்டும், குறைந்தபட்சம் ஒரு நூற்றாண்டுக்கு.

பதின்மூன்றாம் பாகம் மட்டும் தோற்கவில்லை. 1612ல் எஸ்.ஆர். என்று முதலெழுத்துகள் போட்ட ஒருவர் ஸ்காட்டின் வித்தைகளை அள்ளிக்கொண்டு 'ஜாலவித்தைக் கலை' என்று ஒரு சிறு புத்தகம் போட்டார். 1634ல் 'ஹோகஸ் போகஸ் ஜூனியர்' வந்தது. அதில் வித்தை, படம், செய்முறை எல்லாம் உண்டு, தூக்குமரம் இல்லை. சாட்சியத்தை உடைப்பதற்காகத் தொகுத்தது அப்படியே பொழுதுபோக்குக் கைப்புத்தகம் ஆகிவிட்டது. ஏழைகளின் பிழைப்பு கெடும் என்று ஸ்காட் பயந்ததற்கு நேர் எதிராக, அவர் புத்தகத்தைப் படித்தே வித்தைக்காரர்கள் உற்பத்தியானார்கள். இதைவிட விசித்திரம், 1665 பதிப்பில் யாரோ பெயர் சொல்லாதவர் ஆவிகளை அழைக்கும் முறைகள் என்று புதிய அத்தியாயங்கள் எழுதிச் சேர்த்தார். மந்திரம் இல்லை என்று நிரூபிக்க எழுதிய புத்தகம் மந்திரப் புத்தகமாக விற்றது. வாரின் வெளி முனையை ஒரு சுற்றுப் பிரித்துவிட்டார்கள், ஆசிரியர் செத்து அறுபத்தாறு வருஷத்தில்.

சட்டம் 1735ல்தான் திரும்பியது. அன்றிலிருந்து சூனியம் செய்வது குற்றமில்லை, செய்ய முடியும் என்று பாவனை பண்ணுவது குற்றம். ஸ்காட் சொன்னதைப் பாராளுமன்றம் ஒன்றரை நூற்றாண்டு தாமதமாக ஒப்புக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தின் கீழ் 1944ல், உலக யுத்தத்தின் நடுவில், ஹெலன் டங்கன் என்ற ஆவியுலக மீடியத்துக்கு ஒன்பது மாதச் சிறை கிடைத்தது. அவள் வாயிலிருந்து வந்த 'ஆவித் திரவம்' சல்லாத் துணி என்று 1931லேயே ஹாரி பிரைஸ் சோதித்துச் சொல்லியிருந்தார். பிள்ளையை யுத்தத்தில் இழந்த தாய்மார்கள் காசு கொடுத்து அந்த இருட்டறையில் உட்கார்ந்தவர்கள். இங்கே பாட்டியின் கழுத்து மாலை பாட்டியின் கழுத்தையே பிடித்துவிட்டது. 1951ல் அந்தச் சட்டமும் போயிற்று.

மூடியைத் திறப்பவர்களின் பரம்பரை நமக்குப் பக்கத்திலும் உண்டு. திருவல்லாவில் 1898ல் பிறந்து, யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுத்த ஆபிரகாம் கோவூர், 1963ல் ஒரு லட்சம் ரூபாய்ப் பந்தயம் வைத்தார். முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நோட்டின் எண்ணைப் படிப்பது போன்ற பட்டியலில் ஏதாவது ஒன்றை ஏமாற்று இல்லாத சூழ்நிலையில் செய்து காட்டுகிறவர் எடுத்துக்கொள்ளலாம். 1978ல் அவர் இறக்கும் வரை பணம் அவரிடமே இருந்தது. கோவூரையும் ஸ்காட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. கோவூர் பந்தயம் கட்டியது சாமியார்களோடு, சக்தி உண்டு என்று சொல்லிக்கொண்டவர்களோடு. அவர்கள் பணம் படைத்தவர்கள், தாக்குப் பிடிப்பார்கள். ஸ்காட் வாதாடியது சக்தி இல்லை என்று சொல்ல வாய்ப்பே கிடைக்காதவர்களுக்காக. நம் பகுத்தறிவு மேடைகளில் முதலாவதுதான் பழக்கமாயிற்று. மேடையில் விபூதி வரவழைத்துக் காட்டிச் சிரிக்கிறோம். விபூதி வாங்கிப் போன கிழவி எதற்காகப் போனாள் என்ற கேள்வி சிரிப்பில் அமுங்கிவிடுகிறது.

திறந்து காட்டினால் போதும் என்ற நம்பிக்கை பற்றியும் எனக்குச் சந்தேகம் உண்டு. மறைக்க ஒன்றுமே இல்லாத பந்தயங்கள் இருக்கின்றன. அலேன் ரெனேயின் 'மரியன்பாதில் கடந்த வருஷம்' படத்தைப் பார்த்தவர்களுக்கு (1961, திரைக்கதை ராப் கிரியே) அந்த ஒல்லியான மனிதன் ஹோட்டல் மேஜை மேல் பரப்பும் வரிசைகள் நினைவிருக்கும். 1, 3, 5, 7 என்று நாலு வரிசை, மொத்தம் பதினாறு. ஒரு வரிசையிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், கடைசிக் குச்சியை எடுப்பவன் தோற்றான். தோற்க முடியும், ஆனால் எப்போதும் ஜெயிக்கிறேன் என்கிறான் அவன். சீட்டு, தீக்குச்சி, போட்டோ என்று எதை வைத்து ஆடினாலும் எதிராளிதான் தோற்கிறான். கை வேகம் இல்லை, இரட்டை மடிப்பு இல்லை. எல்லாம் வெளிச்சத்தில் கிடக்கிறது. 1901ல் சார்ல்ஸ் பூட்டன் என்ற கணித ஆசிரியர் இந்த ஆட்டத்துக்கு 'நிம்' என்று பெயர் வைத்து, எந்த அடுக்கில் யார் ஜெயிப்பார் என்று அச்சில் நிரூபித்துவிட்டார். ஒவ்வொரு வரிசையின் எண்ணையும் இரண்டின் அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும்: 7 என்றால் 4, 2, 1, 5 என்றால் 4, 1, 3 என்றால் 2, 1. நாலு வரிசையிலும் சேர்த்து ஒவ்வொரு அடுக்கும் இரட்டைப்படையில் வந்தால் அடுத்து ஆடுகிறவனுக்கு நாசம். 1, 3, 5, 7ல் நாலு என்பது இரண்டு தடவை, இரண்டு என்பது இரண்டு தடவை, ஒன்று என்பது நாலு தடவை. ஆகவே முதலில் ஆடுகிறவன், எதிராளி தவறாத வரை, எப்படி ஆடினாலும் தோற்பான். படத்தில் அந்த மனிதன் எதிராளியை 'நீங்கள் முதலில் ஆடுங்கள்' என்று உபசரிப்பதன் ரகசியம் இதுவே.

இதை ஏமாற்று என்று சொல்ல முடியுமா? அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. தோற்கலாம் என்றுகூட ஒப்புக்கொள்கிறான், அதுவும் நிஜம். ஸ்காட்டின் நிபந்தனைகள் எல்லாம் பூர்த்தியாகின்றன. ஆனாலும் மேஜையைச் சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தால், பின்னால் யாரோ பையை அவிழ்க்கிற உணர்வு நமக்கு வருகிறது. உபசாரத்தில்தான் அது இருக்கிறது. செயின்ட் ஓசித்தில் மாஜிஸ்டிரேட் சொன்னதும் ஓர் உபசாரம்தான்: நீ முதலில் பேசு.

வயிற்றில் கத்தி குத்திக்கொள்ளும் வித்தையைச் சொன்னேன். அதற்கு அட்டை வயிறு, ரத்தப் பை, இவற்றுக்குக் கீழே உடம்போடு ஒட்டி ஓர் இரும்புத் தகடும் வேண்டும். தகடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஸ்காட் ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார். லண்டனில் சீப்சைடு வீதியில் ஒரு மதுக்கடை. வித்தைக்காரன் வித்தை காட்டப் போன இடத்தில் குடித்துவிட்டான். போதையில் தகட்டை மாட்டிக்கொள்ள மறந்துவிட்டான். குத்திக்கொண்டான். கடையிலிருந்து எழுந்து நடந்து செயின்ட் பால் கோயிலின் முற்றத்துக்குப் போய் அங்கே செத்துப் போனான்.

சுற்றி நின்றவர்கள் காசு போட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். ரத்தம் சரியான பதத்தில் இருந்திருக்கும், கெட்டியாக இல்லாமல். எழுந்து நடந்து போனதும் வித்தையின் மிச்சம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கோப்பை வரவழைத்திருப்பார்கள். அவன் போய் விழுந்த அந்தக் கோயில் முற்றம்தான் அந்தக் காலத்தில் லண்டனின் புத்தகக் கடைவீதி.